களை வாரிய கண்மாயில் மீண்டும் ஆகாயத்தாமரை: விதையை எழுப்பும் வெப்பக் கணக்கு

கோடையில் பொக்லைன் இறங்குகிறது. கரையெங்கும் பச்சைக் குவியல். "ஏரி சுத்தமானது" என்று படத்தோடு செய்தி வருகிறது. ஐப்பசி மழை ஓய்ந்து தை பிறப்பதற்குள் அதே ஏரி மறுபடி பச்சையாகிக் கிடக்கிறது. உடனே எழும் கேள்வி, "பணம் எங்கே போனது?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், சில இடங்களில் அதற்குத் தகுந்த காரணமும் இருக்கும். ஆனால் ஒழுங்காக, வேரோடு வாரிய நீர்நிலையிலும் இதுதான் நடக்கிறது. அதற்கான விடை சேற்றுக்குள் கிடக்கும் விதைகளிலும், அவற்றின் மீது படும் வெப்பத்திலும் இருக்கிறது.

வெப்பம் என்றதும் "சூடு கூடினால் களை கூடும்" என்று நினைக்கத் தோன்றும். அது பாதி உண்மை. நம் ஊர் நீர்க்களைகளைப் பொறுத்தவரை, எத்தனை டிகிரி என்பதைவிடப் பகலுக்கும் இரவுக்கும் நடுவே எத்தனை டிகிரி ஏறி இறங்குகிறது என்பதே பெரிய சங்கதி. இதைப் புரிந்துகொண்டால், எப்போது வார வேண்டும், வாரிய பிறகு எப்போது திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

முதலில், எந்தச் செடி?

செய்திகளில் ஆகாயத்தாமரை என்று வருவது பெரும்பாலும் ஊதா நிறப் பூவும், காற்றடைத்த பருத்த இலைக்காம்பும் கொண்ட செடி. வெங்காயத்தாமரை என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்காவின் அமேசான் பகுதியைச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பூவின் அழகுக்காக வங்காளத்துக்கு வந்து சேர்ந்தது. நெல்வயல்களையும் படகுப் பாதைகளையும் அது அடைத்த வேகத்தில், 1936-இல் வங்காள அரசு இதற்கென்றே ஒரு சட்டம் போட வேண்டி வந்தது. இலங்கை அதற்கும் முன்பே, 1909-லேயே, தனிச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. தாவரவியலார் இப்போது இதைப் பொன்டெடீரியா பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள். பழைய நூல்களில் ஐகோர்னியா என்று இருக்கும்.

இந்தச் செடி இரண்டு வழிகளில் பெருகுகிறது. பக்கக் கொடி விட்டுக் கன்று ஈனுவது ஒன்று. சூடும் கழிவுநீர்ச் சத்தும் கிடைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் எண்ணிக்கை இரட்டிப்பது இந்த வழியில்தான், நம் கண்ணில் படுவதும் இதுதான். மற்றொன்று விதை. பூ உதிர்ந்ததும் தண்டு வளைந்து தண்ணீருக்குள் தலையை நுழைத்துக்கொள்ளும். காய் அங்கேயே மூன்று வாரம் போல முதிர்ந்து, வெடித்து, விதையைக் கீழே விடும். ஒரு காயில் முந்நூறு விதை வரை இருக்கலாம். ஒரு பூங்கொத்திலிருந்து மூவாயிரத்துக்கும் மேல் கிடைக்கலாம். விதை ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் நீளம், நீளவாக்கில் வரிவரியான மேடுகள், பழுப்பு நிறம். கையில் எடுத்த சேற்றில் அது இருந்தாலும் மணல் துகள் என்றுதான் நினைப்போம்.

மிதக்கும் செடியின் விதை மிதப்பதில்லை, அடியில் போய்ப் படிகிறது. அங்கே பதினைந்து, இருபது ஆண்டுகள் வரை உயிரோடு கிடக்கும் திறன் அதற்கு உண்டு. இப்படிச் சேற்றில் சேர்ந்து கிடக்கும் விதைத் தொகுப்பை விதை வங்கி என்பார்கள். பொக்லைன் வாருவது செடியை மட்டுமே. வங்கி அப்படியே இருக்கிறது.

முளைப்பு என்பது என்ன?

காய்ந்த விதை தண்ணீரை உறிஞ்சி, உள்ளே நொதிகள் வேலையைத் தொடங்கி, முளைவேர் உறையைக் கிழித்து வெளியே வருவதுதான் முளைப்பு. அதற்குத் தண்ணீர், காற்று, தகுந்த வெப்பம் வேண்டும். இவை எல்லாம் இருந்தும் முளைக்காமல் கிடந்தால் அந்த விதை உறக்கநிலையில் இருக்கிறது என்று பொருள். ஆகாயத்தாமரையில் புதிதாக உதிர்ந்த விதைகளில் ஒரு பகுதி உடனே முளைக்கத் தயார். மீதி உறங்கப் போய்விடும். எல்லாம் ஒரே நாளில் முளைத்து, மறுநாள் வெயிலில் எல்லாமே கருகினால் வம்சமே போய்விடும் அல்லவா? அதற்கான ஏற்பாடு இது.

வெப்பம் இந்தக் கதையில் இரண்டு வேடங்களில் வருகிறது. விதைக்கு உறக்கம் கலைகிறதா, கூடுகிறதா என்பதைத் தீர்மானிப்பது ஒரு வேடம். உறக்கம் கலைந்த விதை எத்தனை நாளில் முளைக்கும் என்பதைத் தீர்மானிப்பது இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல விளக்கங்கள் தடம் மாறுகின்றன.

மூன்று எல்லைகள், ஒரு கூட்டல் கணக்கு

வேகத்தை முதலில் பார்ப்போம், அது எளிது. ஒவ்வொரு வகை விதைக்கும் மூன்று வெப்ப எல்லைகள் உண்டு.

1. அடிப்படை வெப்பநிலை: இதற்குக் கீழே முளைப்பு நகராது. வெப்பமண்டல நீர்க்களைகளுக்கு இது 10 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரையுள்ள ஏதோ ஓரிடத்தில் அமையும்.

2. உகந்த வெப்பநிலை: மிக வேகமாக முளைப்பது இங்கே. பெரும்பாலானவற்றுக்கு 25 முதல் 35 வரை.

3. உச்ச வெப்பநிலை: இதைத் தாண்டினால் முளைப்பு தடைபடும். ஈரமேறிய விதை 40 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வெந்தால் சில வகைகள் மறுபடி உறக்கத்துக்குள் போகும், சில செத்துப்போகும்.

அடிப்படைக்கும் உகந்ததற்கும் இடையே கணக்கு ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். அடிப்படை வெப்பநிலையைத் தாண்டி ஒரு நாளில் கிடைக்கும் ஒவ்வொரு டிகிரியும் ஒரு டிகிரி நாள். விதை இவற்றைக் கூட்டிக்கொண்டே போய், தனக்கு வேண்டிய மொத்தம் சேர்ந்ததும் முளைக்கிறது.

கணக்குக்காக ஒரு கற்பனை விதையை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை 12 டிகிரி, தேவை 60 டிகிரி நாள். சராசரி 18 டிகிரி உள்ள சேற்றில் ஒரு நாளைக்கு 6 டிகிரி நாள் சேரும். முளைக்கப் பத்து நாள் ஆகும். 27 டிகிரியில் நாளைக்கு 15, நான்கே நாள். 32 டிகிரியில் மூன்று நாள்.

இந்தக் கணக்கு ஐரோப்பாவுக்கும் மலைப்பகுதிக்கும் மிகவும் பயன்படும். வசந்தம் எப்போது வரும், எந்த வாரத்தில் முளைக்கும் என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். தமிழகச் சமவெளிக்கு அவ்வளவு உதவாது. ஜனவரி இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத ஊர்களில், ஆகாயத்தாமரை விதைக்கு டிகிரி நாள் என்றைக்குமே பஞ்சமில்லை. வேகக் கணக்கு மட்டுமே காரணமாக இருந்தால், ஏரி அடியில் கிடக்கும் விதை முழுதும் ஆண்டு முழுக்க முளைத்துத் தீர்ந்திருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. ஆக, வெப்பம் போதுமான அளவு இருந்தும் விதையைக் காத்திருக்க வைப்பது எது என்று பார்க்க வேண்டும்.

ஏறி இறங்கும் வெப்பம்

அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீரை வைத்தால் கொதிக்க நேரமாகும், இறக்கி வைத்தால் ஆறவும் நேரமாகும். அதே அடுப்பில் காலி வாணலி நொடியில் காயும், நொடியில் ஆறும். ஆழமான ஏரியின் அடியும் வெறும் சேறும் இப்படித்தான் வேறுபடுகின்றன. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4.2 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். காய்ந்த மண்ணுக்கு அதில் கால் பங்கு அளவே போதும்.

அதனால் ஒன்றரை, இரண்டு மீட்டர் கலங்கல் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் விதை, பகல் எது இரவு எது என்று வெப்பத்தை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. வேறுபாடு ஓரிரு டிகிரிதான் இருக்கும். தண்ணீர் வற்றி, கணுக்கால் அளவாகி, பிறகு சேறு மட்டும் மின்னும் நிலை வரும்போது கதை மாறுகிறது. மே மாத நண்பகலில் சேற்றின் மேல் தோல் 40 டிகிரியைத் தொடலாம். விடியற்காலையில் 25-ஐ ஒட்டி இறங்கலாம். ஒரே நாளில் பத்து, பதினைந்து டிகிரி ஏற்ற இறக்கம்.

விதைக்கு இது ஒரு தகவல். தலைக்கு மேலே ஆழமான தண்ணீர் இல்லை, நிழல் தரும் பெரிய செடி இல்லை, நான் மண்ணில் ஆழமாகப் புதைந்தும் இல்லை என்ற மூன்று சேதிகளும் இந்த ஒரே ஏற்ற இறக்கத்தில் அடக்கம். ஒரு மில்லிமீட்டர் விதையிடம் இருக்கும் சேமிப்பு உணவு மிகக் கொஞ்சம். இரண்டு மீட்டர் ஆழத்தில் முளைத்தால் வெளிச்சத்தை எட்டுவதற்குள் அது தீர்ந்துவிடும். எனவே மேலே இடம் காலியாகும் வரை பொறுத்திருக்கும் விதைகளின் வம்சமே தழைத்தது. 1977-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் தாம்ப்சன், கிரைம், மேசன் மூவரும் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை, பகலிரவு வெப்ப ஏற்ற இறக்கம் முளைப்பைத் தூண்டுவதைப் பல செடிகளில் ஒப்பிட்டுக் காட்டியது. ஈரநிலச் செடிகளில் இந்தப் பண்பு பரவலாகக் காணப்படுகிறது.

ஆகாயத்தாமரை விதைக்கும் மாறாத வெப்பத்தைவிட மாறிமாறி வரும் வெப்பமே உகந்தது. கூடவே வெளிச்சமும் வேண்டும். விதைக்குள் இருக்கும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளியை உணர்ந்து முளைப்புக்கு வழிவிடும். பச்சை இலை வழியாக வடிகட்டி வரும் ஒளியில் சிவப்பு குறைந்திருக்கும் என்பதால், செடிகளின் நிழலில் அந்த அனுமதி கிடைப்பது கடினம். காய்ந்து, பிறகு மறுபடி நனைவதும் விதையுறையை இளக்கி உதவுகிறது. இவை எல்லாம் ஒன்றாகச் சேருமிடம் ஒன்றுதான்: கோடையில் வற்றிய ஏரியின் ஓரச் சேறு.

ஆக்சிஜனும் இதில் கலந்துகொள்கிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் ஏழரைதான். விதையின் சுவாசமோ சூட்டில் கூடுகிறது. இருப்பு குறைகிறது, செலவு கூடுகிறது. அடிச்சேற்றில் சாக்கடை நீரும் சேர்ந்தால் ஆக்சிஜன் அநேகமாக இல்லை என்றே சொல்லிவிடலாம்.

வாருவதே விதைக்கு அழைப்பு

இங்கேதான் நிர்வாகங்கள் கவனிக்கத் தவறும் முடிச்சு இருக்கிறது. நீரை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரைப் படலம் கீழே ஒளியை விடாது. வெப்ப ஏற்ற இறக்கத்தையும் விடாது. அதாவது, வளர்ந்த செடி தன் விதைகளைத் தானே முளைக்கவிடாமல் வைத்திருக்கிறது. படலத்தை அகற்றிய அன்றே ஆழமற்ற ஓரங்களில் வெயில் நேராக விழுகிறது. விதை வங்கி இத்தனை நாள் எதிர்பார்த்த சூழலை நாமே அமைத்துக் கொடுக்கிறோம். அதற்காக வாராமல் இருக்க முடியாது. வாருவதோடு வேலை முடிந்தது என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போவதுதான் தவறு.

வானம் பார்த்த ஒரு கண்மாயின் ஆண்டைப் பின்தொடர்ந்தால் இது தெளிவாகும். மாசி, பங்குனியில் தண்ணீர் பின்வாங்கத் தொடங்கும். செடிகள் சேற்றில் தரைதட்டி நிற்கும். சித்திரையில் கோடை மழை ஒன்று பெய்து சேற்றை நனைத்தால் ஒரு பகுதி விதை முளைக்கும். அப்போது கரையோரம் குனிந்து பார்த்தால் தெரிவது பருத்த காம்புள்ள செடி அல்ல. ரிப்பன் மாதிரி மெல்லிய, புல் போன்ற நாலைந்து இலைகள். வேர் சேற்றில் ஊன்றியிருக்கும். யாரும் இதை ஆகாயத்தாமரை என்று சொல்ல மாட்டார்கள், புல் முளைத்திருக்கிறது என்று தாண்டிப் போவார்கள். காற்றடைத்த காம்பு சில வாரம் கழித்துத்தான் உருவாகும்.

அக்கினி நட்சத்திரத்தில் சேறு வெடித்தால் இந்தக் கன்றுகளில் பெரும்பாலானவை செத்துவிடும். மிஞ்சிய விதைகள் கிடக்கும். புரட்டாசி, ஐப்பசியில் உபரிநீர் வழியும் கலிங்கை நோக்கித் தண்ணீர் ஏறும்போது ஓரங்களில் மறுபடி முளைப்பு. இம்முறை தண்ணீர் நிற்பதால் கன்று பிழைக்கிறது. நீர்மட்டம் உயர உயர, சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு மிதக்கத் தொடங்குகிறது. மிதந்த பின் கன்று ஈனும் வேலை. மூன்று நான்கு மாதத்துக்குள் அதுவே பூக்கும் நிலைக்கு வந்துவிடும். வறண்டு வெடித்த கண்மாயில் ஒரு பச்சை இலைகூட மிஞ்சாதபோதும் தையில் செடி வந்து நிற்பதற்கு இதுவே முதல் காரணம். மேல்மடைக் குளத்திலிருந்து அடித்து வரப்படும் செடிகள் இரண்டாவது.

ஆனால் எல்லா ஏரியும் இப்படியில்லை. நகரச் சாக்கடை ஆண்டு முழுக்க வந்து சேரும் குளத்தில் தண்ணீர் வற்றுவதே இல்லை; சேறு வெயிலைப் பார்ப்பதே இல்லை. அங்கே விதைக்குப் பெரிய பங்கு கிடையாது. வாரும்போது தப்பிய நூறு செடிகளே ஏரியை மீண்டும் மூடிவிடும். இந்த இரண்டு வகை ஏரிக்கும் ஒரே ஒப்பந்தப் படிவம், ஒரே மாதம், ஒரே இயந்திரம் என்று திட்டம் போடுவது சரியல்ல.

எல்லாக் களைக்கும் ஒரே விதி இல்லை

ஆகாயத்தாமரைக்குப் பொருந்துவதை மற்ற களைகளுக்கு அப்படியே நீட்ட முடியாது. சில வகைகளில் விதையே முக்கியமில்லை.

1. வேலம்பாசி. மீன் தொட்டிக்காரர்களுக்கு ஹைட்ரில்லா. இது விதையைவிடச் சேற்றுக்குள் விடும் சிறு கிழங்குகளையும், தண்டில் உருவாகி உதிரும் உறங்கு மொட்டுகளையும் நம்பியிருக்கிறது. கிழங்கு பகல் குறுகும் பருவத்தில் உருவாகும். சேறு 15 டிகிரியைத் தாண்டிச் சூடாகும்போது முளைக்கும். நான்கு ஆண்டுக்கு மேலும் காத்திருக்கும். 1950-களின் தொடக்கத்தில் மீன் தொட்டிச் செடியாக இலங்கையிலிருந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போன வகை அந்த மாநிலத்தின் நீர்நிலைகளை அடைத்தது. பின்னாளில் வட மாநிலங்களில் பரவிய வேறொரு வகை கொரியச் செடியோடு மரபொற்றுமை கொண்டது. கொரிய வகை குறைந்த வெப்பத்திலேயே முளைப்பதால் குளிர்ப்பகுதியிலும் ஊன்றிக்கொண்டது. ஒரே இனத்துக்குள்ளேயே வெப்ப எல்லை இவ்வளவு மாறும்.

2. பிஸ்டியா. பச்சை முட்டைக்கோஸ் மாதிரி மிதப்பது, சித்த மருத்துவ நூல்கள் ஆகாயத்தாமரை என்று சொல்வது இதைத்தான். விதை முளைக்க ஒளியும் 20 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் வேண்டும். செடி உறைபனியில் சாகும். விதை சில வாரக் குளிரைத் தாங்கும். ஸ்லோவேனியாவில் வெந்நீர் ஊற்று கலக்கும் டோப்லா என்ற ஓடையில் இது குளிர்காலத்தையும் கடந்து வாழ்கிறது. வெப்பம் ஒரு நாட்டின் எல்லையை அல்ல, ஓர் ஓடையின் எல்லையைத்தான் பார்க்கிறது.

3. சால்வீனியா. கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்பார்கள். பிறப்பிடம் என்னவோ பிரேசில். இது மலட்டுப் பெரணி, முளைக்கும் வித்தே கிடையாது. வெப்பம் இதன் வளர்ச்சியை மட்டும் பாதிக்கும். 1939-இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து இலங்கையின் நெல்வயல்களுக்குப் பரவியது. விதை வங்கி இல்லை என்பதால், முழுதாக ஒழித்தால் ஒழிந்ததுதான். ஆகாயத்தாமரையிடம் இந்த வசதி இல்லை.

4. சம்பு. கரையோரத்தில் பழுப்பு நிறக் கதிரோடு நிற்பது. ஒரு கதிரில் லட்சத்துக்கும் மேல் விதை, காற்றில் பறக்கும் பஞ்சோடு. 30 டிகிரியை ஒட்டிய வெப்பம், வெளிச்சம், நனைந்த சேறு கிடைத்தால் சில நாளில் முளைக்கும். ஆக்சிஜன் குறைவது மற்றவற்றுக்குத் தடை, இதற்கோ தூண்டுதல். தூர்வாரி வழித்த ஏரி ஓரத்தில் முதலில் சம்பு வருவது இதனால்தான்.

5. முற்றிலும் தலைகீழான ஒன்றும் உண்டு. பொட்டமோஜிடான் கிறிஸ்பஸ் என்ற சுருளிலைப் பாசி, வட அமெரிக்க ஏரிகளில் பெருந்தொல்லை. அதன் உறங்கு மொட்டுகள் கோடைத் தொடக்கத்தில் உதிர்ந்து, வெயில் காலம் முழுக்கத் தூங்கி, இலையுதிர்காலத்தில் தண்ணீர் குளிர்ந்த பிறகே முளைக்கும். சூடு அதற்குத் தாலாட்டு, குளிர்தான் விழிப்பு.

வயலில் இதே கணக்கு

"தண்ணி கட்டினால் களை வராது" என்பது நெல் விவசாயிகளின் பழைய அனுபவம். ஐந்து சென்டிமீட்டர் நீர் நின்றால் பல புல் வகைகளும் கோரை வகைகளும் முளைப்பது குறைகிறது. காரணம் ஆக்சிஜன் குறைவு என்று மட்டும் சொல்வது வழக்கம். நிற்கும் தண்ணீர் மண்ணின் பகலிரவு வெப்ப ஏற்ற இறக்கத்தையும் சுருக்கிவிடுகிறது என்பது அதன் மறுபாதி. நேரடி விதைப்பிலும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் பாய்ச்சும் முறையிலும் களை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒற்றை நாற்று நடவில் கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவி இல்லாமல் சரிப்படாது என்பதும் அதனால்தான்.

எல்லாக் களையும் இந்தத் தடையில் அடங்குவதில்லை. நெல்லோடு நெல்லாக நிற்கும் குதிரைவாலிப் புல்லின் சில வகைகள் ஆக்சிஜனே இல்லாமலும் முளைக்கும். வெப்பமும் அவற்றுக்குப் பெரிய தடையாக இருப்பதில்லை. குறுவையில் சேறு சூடாக இருப்பதால் அவை சில நாளிலேயே தலைகாட்டும். நவரைத் தொடக்கத்தில் அதே புல் சற்றுத் தாமதிக்கும். களைக்கொல்லி அடிக்கும் நாளை நட்ட நாளிலிருந்து மட்டும் எண்ணாமல் பருவத்தையும் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

குளிர் நாடுகளில் நடப்பது

ஆகாயத்தாமரை 10, 12 டிகிரிக்குக் கீழே வளராது. உறைபனி இலையைக் கருக்கும்; தண்டின் குருத்து உறைந்தால் செடியே சாகும். அப்படியானால் குளிர்காலம் உள்ள நாடுகள் தப்பிக்க வேண்டுமே? தென் ஆப்பிரிக்காவின் ஹார்ட்பீஸ்பூர்ட் அணையில் குளிர்காலத்தில் செடி கருகுகிறது. வசந்தத்தில் விதைகள் முளைத்து மறுபடி நிரப்புகின்றன. செடியைத் தின்ன விடப்பட்ட நியோகெட்டினா என்ற கூன்வண்டுகளோ குளிரில் எண்ணிக்கை குன்றி, செடி நன்றாகப் பரவிய பிறகே பெருகுகின்றன. வெப்பத்துக்குச் செடியும் பூச்சியும் ஒரே வேகத்தில் பதில் சொல்லாததால் வரும் சிக்கல் இது. தென்னிந்தியாவில் அதே நியோகெட்டினா வண்டுகள் 1980-களில் பெங்களூர் ஏரிகளில் விடப்பட்டு நல்ல பலன் தந்தன. இங்கே வண்டுக்குக் குளிர்காலம் ஒரு பெரிய இடையூறாக இருக்கவில்லை.

ஸ்பெயினின் குவாடியானா ஆற்றில் 2004-இல் இந்தச் செடி பெரிய அளவில் தென்பட்டது. டன் கணக்கில் வாரியும், ஆண்டுதோறும் விதையிலிருந்து புதுக் கன்றுகள் வந்தபடி இருந்தன. 2016 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இதை விற்கவும் வளர்க்கவும் தடை விதித்திருக்கிறது. விக்டோரியா ஏரியின் ஒரு பகுதியான கென்யாவின் வினம் வளைகுடாவில் வேறு மாதிரி. விக்டோரியா ஏரியின் நீர்மட்டம் வறட்சியில் தாழ்ந்து கரைகள் வெளிப்பட்டுக் கிடந்தன. 2006 இறுதியில் பெருமழை வந்தது. 2007-இல் ஆகாயத்தாமரை மீண்டும் பரவியது. மழை கொண்டுவந்த சத்தும், வெளிப்பட்ட கரையில் முளைத்த விதைகளும் சேர்ந்த விளைவு என்று விளக்கப்படுகிறது. நம் கண்மாயின் கதைதான், அளவு மட்டும் கடல் போல.

பூமி சூடானால்?

உயரமான மலையூர்களில் குளிர் இந்தச் செடிக்கு ஓரளவு வேலி. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. சராசரி ஒரு டிகிரி கூடுவது, அந்த வேலியை நூற்றைம்பது மீட்டர் போல மேலே தள்ளுவதற்குச் சமம். சமவெளியில் அந்த ஒரு டிகிரி முளைப்பு வேகத்தைப் பெரிதாக மாற்றாது. தண்ணீர் 33, 34 டிகிரியைத் தாண்டினால் செடியின் வளர்ச்சிகூடத் தளரும். ஆனால் சூட்டோடு சேர்ந்து மழையின் போக்கு மாறுகிறது. நீண்ட வறட்சி, நடுவில் ஒரு திடீர் மழை, மறுபடி வறட்சி என்று நனைந்து காயும் சுற்றுகள் கூடினால், விதைக்கு அது கூடுதல் வாய்ப்பு. கன்று பிழைக்குமா என்பது அடுத்த மழை எப்போது என்பதைப் பொறுத்தது. பலமுறை முளைத்துப் பலமுறை காய்ந்தால் விதை வங்கி கரையவும் செய்யும். "வெப்பமயமாதலால் களை பெருகும்" என்று ஒரே வரியில் எழுதுவது, இந்த இரண்டு திசைகளையும் மறைத்துவிடுகிறது.

நடைமுறையில் என்ன மாறும்?

1. விதை வங்கியை முதலில் அளந்துவிடலாம். ஏரியின் ஓரத்தில் நாலைந்து இடங்களில் மேல் ஐந்து சென்டிமீட்டர் சேற்றை அள்ளி, தட்டையான தட்டுகளில் மெல்லப் பரப்பி, வெயில் படும் இடத்தில் வைத்து எப்போதும் ஈரமாக வைத்திருந்தால், மூன்று நான்கு வாரத்தில் என்ன களை, எத்தனை என்று தெரிந்துவிடும். ஒரு தட்டை மட்டும் ஆழமான வாளித் தண்ணீருக்குள் நிழலில் வைத்துப் பார்த்தால், வெளிச்சமும் வெப்ப ஏற்ற இறக்கமும் என்ன செய்கின்றன என்பதும் கண்ணெதிரே தெரியும். பள்ளி மாணவர்களே செய்யக்கூடிய வேலை. கோடிக்கணக்கில் ஒப்பந்தம் விடும் முன்பு இதைச் செய்யாததற்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

2. வாரும் நாளைவிட, அடுத்த இரண்டு மாதம் முக்கியம். தண்ணீர் ஏறத் தொடங்கி இரண்டாவது வாரத்திலிருந்து கரையோரக் கன்றுகளைப் பார்க்க வேண்டும். அவை சேற்றில் ஊன்றி நிற்கும் அந்தச் சில வாரங்களில் ஆட்களை வைத்துக் கையாலேயே பறித்துவிடலாம். மிதந்து நடு ஏரிக்குப் போன பின் மறுபடி இயந்திரம்தான். ஒப்பந்தத்தில் "பின்பராமரிப்பு" என்ற வரி இல்லை என்றால் இது நடக்காது.

3. பூக்கும் முன்பே வார வேண்டும். ஊதாப் பூ தெரிந்து மூன்று வாரம் கழித்து வாரினால் விதை ஏற்கெனவே கீழே போயிருக்கும்.

4. கோடை மழையில் முளைத்த கன்றுகளைக் காயவிடலாம். சித்திரை, வைகாசியில் முளைத்துக் கருகுவது இலவசக் களையெடுப்பு. அந்த நேரத்தில் மேல்மடையிலிருந்து கொஞ்சம் தண்ணீர் திறந்து சேற்றை ஈரமாகவே வைத்திருந்தால் கன்றுகளுக்கு உயிர் கொடுத்ததாகிவிடும்.

5. வண்டல் எடுப்பது இரண்டு பக்கமும் வெட்டும். மேல் சேற்றை வழித்து எடுத்தால் விதை வங்கியின் பெரும்பகுதி அதோடு போய்விடும். அரைகுறையாகக் கிளறிவிட்டால், இருட்டில் கிடந்த பழைய விதை வெளிச்சத்துக்கு வரும். எடுத்த வண்டலை மானாவாரிக் காட்டில் அடித்தால் பயமில்லை. தண்ணீர் நிற்கும் நெல்வயலில் அடித்தால் வயல் வாய்க்காலில் ஆகாயத்தாமரையை எதிர்பார்க்கலாம்.

6. வாரியதைக் கரையில் குவித்துக் காயவிடுவது போதாது. செடி காய்ந்து சருகாகும். விதை சாகாது, காய்ந்து நனைவது அதற்கு உதவியே செய்யும், முதல் மழையில் கரை வழியாகத் திரும்ப ஏரிக்குள் போகும். அதை மட்கவைத்து, குவியலின் உட்பகுதி 55 டிகிரிக்கு மேல் சில நாள் நிலைக்கும்படி செய்தால் விதை உயிரிழக்கும். குவியலின் வெளிப்பக்கம் எப்போதும் ஆறியே இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை புரட்டி, வெளியே இருந்ததை உள்ளே தள்ள வேண்டும். நீளமான கம்பி வெப்பமானி ஒன்றைக் குவியலுக்குள் செருகிப் பார்த்தால் போதும். அது 40-இலேயே நின்றால் சாணமோ பச்சைத் தழையோ சேர்த்து மறுபடி புரட்ட வேண்டும். குவியலை ஏரியின் நீர்ப்பிடிப்புக்கு வெளியே, கரையின் மறுபக்கத்தில் போட வேண்டும்.